கண்ணீருக்குக் கணக்கு எழுதுவது யார்?

ராயக்கோட்டையில் விடிகாலை நாலரை மணிக்கு ரோட்டோரம் நின்று பார்த்தால் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும். ஒன்று தக்காளி மண்டிக்கு வரும் டெம்போக்கள். இன்னொன்று ஓசூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு முதல் ஷிப்ட் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் பஸ்கள். தக்காளிக்குப் பாட்டு தேவையில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குத் தேவை.

டிரைவர் தன் தூக்கம் கலைய ஒரு குத்துப் பாட்டைப் போடுவார். பின் சீட்டிலிருந்து "அண்ணே, ராஜா பாட்டு போடுங்கண்ணே, ஓசூர் போற வரைக்கும் தூங்கிக்கிறோம்" என்று ஒரு குரல் வரும். கன்னடப் பாட்டு ஓடினால் முன் சீட்டில் ஒருவர் தலையாட்டுவார். (மூன்று பாஷை புழங்குகிற பக்கம் இது. தெலுங்குப் பாட்டு வந்தாலும் யாரும் கோபித்துக்கொண்டு இறங்கிவிட மாட்டார்கள்.) டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பாட்டை மாற்றுவார். சில நாள் மாற்ற மாட்டார். அப்போது அவரைத் திட்டலாம்.

இந்த 'திட்டலாம்' என்பதுதான் மேட்டரே.

ஏனென்றால் இப்போது பஸ்ஸில் பாதிப் பேர் காதில் ஒயரைச் செருகிக்கொண்டுவிட்டார்கள். செல்போனில் பாட்டு ஆப்பைத் திறந்தால், அது படத்தின் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறது: என்ன மூடில் இருக்கிறீர்கள்? சோகமா, காதலா, உற்சாகமா, தூக்கமா? ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். அடுத்தடுத்து பாட்டு தானாக வரும். மூன்றாவது பாட்டு ஏன் வந்தது, நான்காவது ஏன் வந்தது என்று கேட்க முடியாது. திட்டவும் ஆள் இல்லை.

*

இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் 2005-ல் 'எக்கோ நெஸ்ட்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கேட்கக் கொடுத்து, அதன் வேகம், சத்தம், சுருதி எல்லாவற்றையும் எண்களாக மாற்றுவது அவர்கள் வேலை. 2014-ல் ஸ்பாட்டிஃபை அந்தக் கம்பெனியை வாங்கியது. அந்த எண்களில் ஒன்றின் பெயர் 'வேலன்ஸ்'. ஒரு பாட்டு எவ்வளவு சந்தோஷமானது என்பதற்கு 0 முதல் 1 வரை மார்க். 1 பக்கம் என்றால் குதூகலம். 0 பக்கம் என்றால் துக்கம். பக்கத்திலேயே 'எனர்ஜி'க்கு ஒரு மார்க், 'டான்ஸ் ஆட முடியுமா' என்பதற்கு ஒரு மார்க். பல வருஷங்களாக யார் வேண்டுமானாலும் இந்த மார்க் ஷீட்டை எட்டிப் பார்க்க முடிந்தது. 2024 நவம்பரில், புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2018-ல் விண்ணப்பித்து 2021 ஜனவரியில் ஸ்பாட்டிஃபைக்குக் கிடைத்த ஒரு பேடன்ட். பேசுகிறவரின் குரலை வைத்தே அவருடைய மனநிலை, வயது, பாலினம், சுற்றி என்ன சத்தம் கேட்கிறது என்பதையெல்லாம் ஊகித்து, அதற்கேற்ப பாட்டுப் போடுவதற்கான வழி அது. உலகம் முழுக்க இசைக் கலைஞர்கள் கூடி எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அதை நாங்கள் செயல்படுத்தவில்லை, அப்படி ஒரு திட்டமும் இல்லை என்று கம்பெனி பதில் சொன்னது. சரி, நம்புவோம். ஆனால் செய்கிற உத்தேசமே இல்லாத காரியத்துக்கு எதற்கு ஐயா பேடன்ட்?

*

இந்த இடத்தில் பெரிசுகள் குறுக்கே வருவார்கள். "அதான் அப்பவே சொன்னோமே, கம்ப்யூட்டர் மியூசிக்குல உயிரே இல்ல" என்று. அவர்கள் கட்சியில் சேர்ந்துகொள்வது சுலபம். ஆனால் அது தோற்றுப்போகிற கட்சி. நியாயமாகவே தோற்க வேண்டிய கட்சியும்கூட.

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கமகம் வராது, கட்டை கட்டையாகத்தான் ஸ்வரம் வரும், நம் இசைக்கு ஆகாத வெளிநாட்டுப் பெட்டி என்று சொல்லி 1940-லிருந்து 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ அதை உள்ளே விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல்! அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாடகத்திலும் கூத்திலும் அந்தப் பெட்டிதான் விடிய விடிய ஜனங்களை அழ வைத்துக்கொண்டிருந்தது. டெல்லியில் உயிர் இல்லாத பெட்டிக்கு இங்கே மட்டும் உயிர் எங்கிருந்து வந்தது?

அப்புறம் 1986. இளையராஜாவின் 'புன்னகை மன்னன்', இந்தியாவில் கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்த முதல் படங்களில் ஒன்று என்று சொல்லப்படுகிறது. அதன் தீம் மியூசிக்கில் மெஷின் வாசிக்கிற பகுதியைக் கேட்டுவிட்டு, இதில் உணர்ச்சி இல்லை என்று சொல்கிற தமிழன் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். 1992-ல் 'ரோஜா' வந்தபோதும் இதே பல்லவி. கீபோர்டு பையன், மெஷின் சத்தம், ஆறு மாசம் தாங்காது என்று ஜல்லியடித்தார்கள். அதே ஏ.ஆர். ரஹ்மான் அடுத்த வருஷமே 'திருடா திருடா' படத்தில், கிட்டத்தட்ட வாத்தியமே இல்லாமல், மனிதக் குரல்களை மட்டும் வைத்து ஒரு பாட்டைப் போட்டார். 'ராசாத்தி' என்று ஆரம்பிக்கும் அந்தப் பாட்டைப் பாடியவர் சாகுல் ஹமீது. அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

உணர்ச்சி செயற்கையாக உண்டாக்கப்படுவதுதான் தப்பு என்று சொன்னாலும் அடிபடும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாரதக் கூத்து முடிகிற நாளில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகச் செய்து படுக்க வைப்பார்கள். படுகளம். அதன் முன்னால் ஒப்பாரி வைப்பதும் உண்டு. படுத்திருப்பது மண் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் அதைக் குழைத்தவரே கூட்டத்தில் நிற்பார். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரும். சாவு வீட்டில் கூலிக்கு ஒப்பாரி பாட வருகிற அம்மாவுக்கும் செத்தவர் யாரோதான். எந்த அடியில் இழுத்தால் மகள் உடைவாள், எந்த அடியில் பேரனின் பெயரைச் சொன்னால் கூட்டம் மொத்தமும் விம்மும் என்று அவருக்கு அத்துப்படி. உணர்ச்சியைக் கணக்குப் போட்டு உண்டாக்குவது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பாவம் இல்லை. அது பழைய தொழில், கௌரவமான தொழில்.

ஆக, மெஷினால் அழ வைக்க முடியாது என்பது பொய். முடியும் என்பதற்குப் பரிசோதனையே இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் கே.டி.ஹெச். என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் 1980-களின் ஆரம்பத்திலிருந்து இதே வேலையாக ஒரு குழு இருந்தது. நல்ல வாத்தியக்காரர் ஒருவர் ஒரே ஸ்வர வரிசையை எப்படி வேறு வேறு மாதிரி வாசிக்கிறார் என்று பார்த்து, அதை விதிகளாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். வேகத்தைக் குறை, சத்தத்தைத் தணி, ஸ்வரங்களை ஒன்றோடொன்று ஒட்ட வை, வரியின் கடைசியில் இழு: சோகம். வேகத்தைக் கூட்டு, ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வெட்டு: சந்தோஷம். கோபத்துக்கு, பயத்துக்கு, கனிவுக்கு எல்லாம் தனித்தனி மருந்துச் சீட்டு. ரோபெர்தோ ப்ரெசின், ஆண்டர்ஸ் ஃப்ரைபெரி என்ற இருவர் 2000-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரே மெட்டை மெஷின் பல விதமாக வாசிக்க, கேட்டவர்கள் எது சோகம், எது கோபம் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். வாசித்ததில் எந்த மனிதனும் இல்லை. இதைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. வாத்தியாரம்மா குழந்தைக்குக் கதை சொல்லும்போது குரலை ஏற்றி இறக்குவதும் இதே விதிதான்.

*

அப்படியானால் சண்டை எதற்கு?

சண்டை இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, மார்க் போடுகிறவனுக்கு நம்மூர் துக்கம் தெரியாது. இரண்டு, மார்க் போடுவதே நமக்காக இல்லை.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வட இந்தியாவில் ஷெனாய் என்றால் கல்யாணம். தமிழ் சினிமாவில் ஷெனாய் இழுத்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே வாத்தியம், ஒரே ஊது. இங்கே கண்ணீர், அங்கே மாலை. அதே மாதிரி நம்மூரில் சாவு மேளம் மெதுவாக அடிக்கப்படுவதில்லை. பறை அதிர அதிர, ஆட ஆடத்தான் பாடை போகும். சென்னையில் மரண கானா என்றே ஒரு வகை இருக்கிறது. வேகமும் சத்தமும் பார்த்து 'எனர்ஜி' மார்க் போடுகிற கணக்கிடம் சாவு மேளத்தைக் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டு, ஜிம்முக்குப் போகிறவருக்கு அனுப்பி வைக்கும். உணர்ச்சி ஒலியில் மட்டும் இருப்பதில்லை. யார் வீட்டு வாசலில், எந்த நாளில், யார் பக்கத்தில் நின்று கேட்டோம் என்பதிலும் பாதி இருக்கிறது. இந்தப் பாதியை விட்டுவிட்டு 0.23 என்று இரண்டு தசமம் வரைக்கும் துல்லியமாகச் சொல்வது, எடைக்கல் இல்லாத தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

இது திருத்தக்கூடிய தப்புதான், ஒத்துக்கொள்ளலாம். நாளைக்கே தமிழ்ப் பாட்டு நிறைய கொடுத்துப் பழக்கினால் அந்தக் கணக்கு பறையையும் கற்றுக்கொள்ளும். இரண்டாவது விஷயம் அப்படித் திருந்தாது. பழக்கப் பழக்க மோசமாகும். அதற்கு வருவோம்.

மார்க்கெட்டிங் பாடம் படித்த எவருக்கும் மில்லிமன் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ரொனால்ட் மில்லிமன், 1982. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் வேகமான இசை, சில நாள் மெதுவான இசை போட்டுப் பார்த்தார். மெதுவான இசை ஓடிய நாட்களில் ஜனங்கள் மெதுவாக நடந்தார்கள், மெதுவாக நடந்ததால் நிறைய வாங்கினார்கள். விற்பனை 38 சதவீதம் கூடுதல். கிளாஸில் இதைச் சொல்லும்போது எல்லோரும் 'அட' என்று சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த 38 சதவீதம் யார் பாக்கெட்டிலிருந்து போனது? பாட்டைக் காசு கொடுக்காமல் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கிப் போனவர் பாக்கெட்டிலிருந்துதான்.

இது கடையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அமெரிக்காவில் 1934-ல் 'மியூசாக்' என்று ஒரு கம்பெனி வந்தது. கம்பி வழியாக ஆபீஸுக்கும் பாக்டரிக்கும் பாட்டு அனுப்புகிற வியாபாரம். தொழிலாளி எந்த மணிக்குச் சோர்வான் என்று பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் பாட்டை அடுக்கினார்கள். கால் மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் மௌனம். அந்தக் கால் மணி நேரத்துக்குள்ளேயே பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக விறுவிறுப்பு ஏறும். இதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் வைத்தார்கள். பாட்டு காதில் விழ வேண்டும், ஆனால் யாரும் அதைக் கவனிக்கக்கூடாது. அதுதான் அந்த இசையின் இலக்கணம்!

இங்கிலாந்தில் பி.பி.சி. 1940-ல், யுத்தத்தின் நடுவில், பாக்டரிகளுக்கென்றே தினமும் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. 1967 வரை ஓடியது. மெதுவான பாட்டு கூடாது, வேலை மந்தமாகும். தாளம் தூக்கலான பாட்டும் கூடாது, கவனம் சிதறும். நடுவில் கைதட்டல் வருகிற ஒரு அமெரிக்கப் பாட்டை அந்த நிகழ்ச்சியில் போடவே கூடாது என்றார்கள். காரணம், தொழிலாளிகள் கையில் இருக்கிற ஸ்பானரால் மெஷினைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்களாம். பாவம், அவர்களுக்கு அந்த ஒரு பாட்டாவது பிடித்திருந்தது.

மியூசாக்கை 2011-ல் வேறொரு கம்பெனி வாங்கி, 2013-ல் அந்தப் பெயரையே தூக்கிவிட்டது. வாங்கிய கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? மூட் மீடியா. இதற்கு மேல் பட்டவர்த்தனமாக ஒருவன் தன் தொழிலைச் சொல்ல முடியாது.

இப்போது ராயக்கோட்டை பஸ்ஸுக்குத் திரும்புவோம். மியூசாக் காலத்தில் பாக்டரி முழுக்க ஒரே பாட்டு. ஒருவனுக்குச் சோர்வு, இன்னொருவனுக்கு வீட்டில் சாவு, மூன்றாவது ஆளுக்கு நேற்றுத்தான் கல்யாணம் நிச்சயம். மூவருக்கும் அதே கால் மணி நேரம். அந்த முரட்டுத்தனத்திலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. மூவரும் டீக்கடையில் நின்று "என்னடா பாட்டு போடறானுங்க" என்று சேர்ந்து சலித்துக்கொள்ளலாம். இப்போது காதுக்குக் காது வேறு பாட்டு. ஹாஸ்டலிலிருந்து ஷிப்ட்டுக்குப் போகிற ஒரு பெண், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் சோகப் பாட்டு கேட்டாள் என்பது அந்த ஆப்புக்குத் தெரியும். எந்தப் பாட்டைப் பாதியில் தள்ளினாள், எதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள் என்பதும் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குச் சோகம் தீர வேண்டும் என்று அந்தக் கணக்கு நினைக்குமா, இன்னும் ஒரு மணி நேரம் கேட்க வேண்டும் என்று நினைக்குமா? விளம்பரத்திலும் சந்தாவிலும் ஓடுகிற கடைக்கு லாபம் எதில் இருக்கிறதோ அதில்தான் கணக்கின் கண்ணும் இருக்கும். இதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. லாப நட்டக் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும்.

ஒப்பாரி பாடுகிற அம்மாவிடம் "போதும்மா, புள்ளை மயங்கிட்டா" என்று யாராவது சொன்னால் அவர் அந்த அடியோடு நிறுத்திவிடுவார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அவருக்கு மயங்கினவளின் முகம் தெரிகிறது. ஆப்புக்குத் தெரிவது, அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்.

"பிடிக்கலேன்னா ஆஃப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்று ஒரு கோஷ்டி பின்னூட்டத்துக்குத் தயாராக இருக்கும். தன் செல்போனை ஆஃப் பண்ணலாம். சூப்பர் மார்க்கெட் கூரையில் இருக்கிற ஸ்பீக்கரை யார் ஆஃப் பண்ணுவது? நாளைக்கு ஒரு கம்பெனி, லைனில் நிற்கிற பெண்களின் கை வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதற்கேற்ப பாட்டின் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றுகிற ஸ்பீக்கரை மாட்டினால், அதற்குத் தடையாக எந்தச் சட்டம் நிற்கிறது? பாக்டரியில் வெளிச்சத்துக்கு விதி இருக்கிறது, காற்றோட்டத்துக்கு விதி இருக்கிறது, இரைச்சலுக்கும் விதி இருக்கிறது. மனசைத் திருகுகிற இசைக்கு இல்லை. பாட்டு என்றால் சலுகை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

*

இப்போது சாகுல் ஹமீது.

1990-களில் ரஹ்மான் இசையில் நிறையப் பாடியவர். விபத்தில் இறந்துபோனார். பம்பா பாக்யா, '2.0', 'சர்க்கார்', 'பொன்னியின் செல்வன்' பாட்டுகளில் அந்தக் கனத்த குரலைக் கேட்டிருப்பீர்கள், 2022 செப்டம்பரில் இறந்தார். 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் இருவரும் பாடினார்கள். அதாவது, பாட வைக்கப்பட்டார்கள். இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் உருவாக்கியிருந்தார்கள். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கினோம், உரிய சன்மானமும் கொடுத்தோம் என்று ரஹ்மானே வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது பெரிய விஷயம். ஏனென்றால் சொல்லாமல் செய்தவர்களும் உண்டு. 2023-ல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை ஏ.ஐ.யில் உருவாக்கிப் பயன்படுத்தியதாக, அவர் மகன் சரண் 2024 ஜனவரியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

மூன்றாவது கதைதான் எல்லோரையும் குழப்புகிறது. பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று இறந்தார். அதே வருஷம் ஜூன் 22-ம் தேதி 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டு விஜய் குரலோடு அவர் குரலிலும் வந்தது. பெங்களூரில் உட்கார்ந்து மெட்டுப் போட்டபோது இதை அக்கா பாடினால் நன்றாக இருக்கும், உடம்பு தேறி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்ததாகவும் யுவன் சங்கர் ராஜா எழுதியிருந்தார். படித்தவர்கள் அழுதார்கள். பாட்டைக் கேட்டும் அழுதார்கள். அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தம்பி அக்காவின் குரலைத் திரும்பக் கேட்க ஆசைப்படுவதில் என்ன தப்பு இருக்க முடியும்?

  

தப்பு அந்த ஆசையில் இல்லை. அந்த ஆசைக்கு இருக்கிற நியாயம், அப்படிப்பட்ட ஆசை எதுவும் இல்லாத ஆயிரம் வியாபாரிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பதில்தான் சிக்கல். செத்தவரின் குரல் சாதாரணக் கருவி இல்லை. கேட்பவரின் மனசில் அது ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. மெட்டு சுமாராக இருந்தாலும் குரல் அழ வைத்துவிடும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரு மனிதர் நாற்பது வருஷம் உழைத்துச் சேர்த்த குட்வில் அது. சொந்தமாக உண்டாக்கிய குட்வில்லைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக ஏற்றக்கூடாது, காசு கொடுத்து வாங்கினால்தான் ஏற்றலாம் என்று அக்கவுண்ட்ஸில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடகர் உயிரோடு இருக்கும்வரை அவர் குரலுக்கு எந்தப் புத்தகத்திலும் மதிப்பு கிடையாது. செத்த பிறகு, வாங்குகிறவனின் புத்தகத்தில் அது சொத்தாகிவிடுகிறது. எவ்வளவு அழகான கணக்கு!

சட்டம் என்ன செய்கிறது? 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிறவருக்கு 50 வருஷ உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில், பாடினதைச் சிதைத்தால் தட்டிக் கேட்கிற உரிமையும் வந்தது. எல்லாம் அவர் பாடின பாட்டுக்கு. பாடாத பாட்டுக்கு? 2024 ஜூலையில் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதி இல்லாமல் அவர் குரலை ஏ.ஐ.யில் காப்பியடிக்க இடைக்காலத் தடை போட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அரிஜித் சிங் உயிரோடு இருக்கிறார், வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் அதே வருஷம் குரலைக் காப்பாற்றத் தனிச் சட்டமே போட்டது. இங்கே பம்பை அடித்துக்கொண்டு மாரியம்மன் பாட்டு பாடுகிறவரின் குரலை, யாரோ செல்போனில் பிடித்த நாலு வீடியோவிலிருந்து உருவினால், அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? உருவியது அவருக்குத் தெரியவே வராது.

*

'தொழில்நுட்பம் வெறும் கருவிதான், எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்' என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. சரி, அந்தக் கையைக் காட்டுங்கள். யார் கை? எந்தப் பாட்டை எந்தக் காதுக்கு எதற்காக அனுப்பினீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். 'என் மூடைக் கணிக்காதே' என்று ஒரு பட்டன் வேண்டும், அதுவும் ஏழு மெனுவுக்கு அடியில் ஒளிந்திருக்காமல். வேலை செய்கிற இடத்திலும் கடையிலும் ஓடுகிற பாட்டு எதற்காக ஓடுகிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். சிகரெட் அட்டையில் எழுதுவதைப் போல பயமுறுத்த வேண்டாம், 'இந்த இசை நீங்கள் மெதுவாக நடப்பதற்காக' என்று ஒரு வரி போதும். அதைப் படித்துவிட்டும் மெதுவாக நடக்கிறவர் தாராளமாக நடக்கட்டும்.

செத்தவர் குரலைப் பயன்படுத்தினால் பாட்டின் பெயரோடே அதைச் சொல்ல வேண்டும். எங்கோ ட்விட்டரில் இல்லை, பாட்டுப் போடும்போது திரையில் தெரிகிற இடத்தில். கூடவே இன்னொரு பெயரும் வர வேண்டும். இது பலருக்குத் தெரியாத சங்கதி. குரல் மாற்றுகிற முறையில் மெஷின் தானாகப் பாடிவிடுவதில்லை. முதலில் உயிரோடு இருக்கிற ஒருவர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாட வேண்டும். எங்கே மூச்சு வாங்குவது, எந்த எழுத்தில் குரலைத் தழைப்பது, எங்கே சிரிப்பது, எங்கே உடைவது எல்லாம் அவர் பாடினதுதான். மெஷின் அதன் மேல் இன்னொருவரின் குரல் நிறத்தைப் பூசுகிறது. கேட்கிறவரை அழ வைத்த அந்த இழுப்பு அவருடையது.

தமிழ் சினிமாவில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. டிராக் பாடுவது. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் மாதிரிக்கு ஒருவர் பாடி வைப்பார். பெரியவர் வந்து பாடியதும் அது அழிக்கப்படும். எப்போதாவது இசையமைப்பாளர் மனசு மாறி, "இந்தப் பையன் குரலே இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ பேர் கோடம்பாக்கத்தில் காத்திருந்தார்கள், சிலருக்கு வாழ்க்கையே அப்படித்தான் ஆரம்பித்தது. இனி அந்தப் பையன் பாடினது அழியாது. அவன் இழுத்த இழுப்பு, அவன் வாங்கிய மூச்சு அப்படியே பாட்டில் இருக்கும், குரல் மட்டும் இருபது வருஷத்துக்கு முன்னால் செத்தவருடையதாக இருக்கும். பாட்டு ஹிட்டானால் குடும்பத்துக்குச் சன்மானம் போகும், இசையமைப்பாளருக்குப் பேட்டி கிடைக்கும். ஓசூர் பஸ்ஸில் அதைக் கேட்டு ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். டிராக் பாடினவன் பெயர் எதிலும் இருக்காது.